பேட்டரி கழற்றிய பிறகு ரேடியோ கோட் கேட்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்பவன் நான். புது பேட்டரி போட்டுக்கொண்டு போனவர்களில் யாராவது ஒருவர் அன்று சாயங்காலமே பதறிப்போய்ப் பேசுவார்: “பேட்டரி மாத்தினதும் ரேடியோ போயிடுச்சு.” போகவில்லை, பூட்டிக்கொண்டிருக்கிறது. கோட் என்கிற ரகசிய எண்ணைப் போட்டால்தான் திறக்கும். அதைப் பொறுமையாகத் திறந்தால் பத்து நிமிட வேலை. படபடப்பில் பொத்தான்களை அமுக்கினால் அதுவே ஒரு நாள் வேலையாகிவிடும். அப்படிக் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்தே பொருத்தி வந்த ரேடியோக்களுக்குத்தான் இது. வெளியில் வாங்கி மாட்டிய ஸ்டீரியோக்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது.

பேட்டரியைக் கழட்டி மாட்டினேன். ரேடியோ பாட மாட்டேங்குது, “கோட்”னு காட்டுது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. ரேடியோவுக்கு இரண்டு பிளஸ் கம்பிகள் போகின்றன. ஒன்று சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருவது. இன்னொன்று, வண்டி அணைந்திருந்தாலும் எந்நேரமும் 12 வோல்ட் இருப்பது. இந்த இரண்டாவது கம்பியில் கரண்ட் அறுந்துவிட்டால், தன்னை யாரோ டேஷ்போர்டிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று ரேடியோ எடுத்துக்கொள்கிறது. 1980களிலும் 90களிலும் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோ திருடுவது பெரிய தொல்லையாக இருந்தது. திருடிய ரேடியோ திருடியவனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. நீங்கள் பேட்டரியைக் கழற்றியதற்கும் திருடன் பிடுங்கியதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கோட் எண், கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாத ஒரு சிறு சிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. பேட்டரி போனதால் கோட் போய்விடாது, மாறவும் மாறாது. தொழிற்சாலையில் கொடுத்த அதே எண்ணைத்தான் இன்றும் கேட்கிறது.

எனக்கு “கோட்”னு வரலை, வேற என்னமோ வருது. அதுவும் இதேதானா?

ஃபோக்ஸ்வேகன், ஆடி, ஸ்கோடா, சீட் (இதுவும் ஒரு கார் கம்பெனிதான்) வகையறாக்களில் “சேஃப்” என்று வரும். அதுவும் இதே பூட்டுதான். “வெயிட்” என்றோ “லாக்டு” என்றோ வந்தால், ஏற்கெனவே யாரோ தப்பான எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். திரையில் ஒன்றுமே வராமல் இருட்டாக இருந்தால் கதை வேறு. அது கோட் பிரச்சினை இல்லை. பேட்டரி மாட்டும்போது பொறி தட்டி ரேடியோ ஃபியூஸ் போயிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கோட் எங்கே எழுதியிருக்கும்? வண்டி வாங்கினப்ப யாரும் எதுவும் தரலையே.

புதிதாக வாங்கியவரிடம் ஏடிஎம் கார்டு அளவில் ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். ஓனர் மேனுவல் இருக்கும் பையின் உள்மடிப்பில் அது செருகியிருக்கும். அங்கே இல்லையென்றால் மேனுவலின் முதல், கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் பேனாவால் நான்கு எண்களை மட்டும் எழுதி, இது என்ன என்று ஒரு வார்த்தை எழுதாமல் விட்டிருப்பார். பிறகு கிளவ் பாக்ஸின் உள்பக்கச் சுவர், ஆஷ்ட்ரேயின் அடிப்பக்கம், ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் பின்பக்கம். பழைய ஹோண்டா வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குள் ஒட்டிய சிறு ஸ்டிக்கரிலேயே கோட் இருக்கும். கையை விட்டுத் துழாவினால் தெரியாது. கிளவ் பாக்ஸைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

முந்தைய சொந்தக்காரரின் தொலைபேசி எண் இருந்தால் கூச்சப்படாமல் அவரிடம் கேளுங்கள். தேடி அலைவதைவிட இது பல சமயம் சீக்கிரம் முடியும்.

எல்லா இடமும் தேடியாச்சு, கிடைக்கலை. இப்ப என்ன செய்ய?

அப்படியானால் தேட வேண்டியது கோட் இல்லை, ரேடியோவின் சீரியல் நம்பர். அது கிடைத்தால் கோட் கிடைத்த மாதிரி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். சீரியல் நம்பர் ரேடியோவின் பெயர், கோட் அதன் சாவி. சீரியல் நம்பரை ரேடியோவில் போட்டால் திறக்காது.

சில ரேடியோக்கள் சீரியல் நம்பரைத் திரையிலேயே காட்டிவிடும். ஹோண்டாவின் பல மாடல்களில் சாவியைத் திருப்பி, ரேடியோவை அணைத்து வைத்து, 1, 6 என்ற இரண்டு பொத்தான்களையும் அமுக்கிப் பிடித்தபடியே பவரை அழுத்தினால் எட்டு இலக்கம் வரும். முதலில் ஒரு நான்கு, அடுத்து ஒரு நான்கு. செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த நொடி மாறிவிடும். ஃபோர்டின் பல ரேடியோக்களிலும் 1, 6 பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தால் எம் அல்லது வி எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கம் ஓடும். இப்படிப் பார்ப்பதால் தவறான முயற்சி எதுவும் கணக்கில் ஏறாது, பயப்பட வேண்டாம். திரையில் காட்டாத ரேடியோ என்றால் வெளியே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளியே எடுக்கணுமா? டேஷ்போர்டு உடைஞ்சிடாதா?

முகப்பில் இடது ஓரம் இரண்டு, வலது ஓரம் இரண்டு என்று சிறு துளைகள் இருந்தால் வேலை சுலபம். அதற்கென்று விற்கும் யு வடிவ எடுப்புக் கம்பிகளை இரண்டு பக்கமும் ‘டக்’கென்று விழும்வரை செருகி, கம்பிகளைச் சற்று வெளிப்புறமாக அகட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டக் கூடாது. துளையே இல்லாத ரேடியோ என்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை நெம்பி, உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தழும்பு விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் வாங்கிக்கொள்ளுங்கள். கியர் லீவர் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள், ரேடியோவின் கூர்முனை அங்கேதான் கீறும்.

எடுத்ததும் மேல்தகட்டிலோ பக்கவாட்டிலோ வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் பார்கோடு, பார்ட் நம்பர், தேதி என்று ஏழெட்டு வரிகள் இருக்கும், எது எது என்று திகைப்பாக இருக்கும். ஃபோக்ஸ்வேகன் என்றால் வி.டபிள்யூ.இசட் என்றும், ஆடி ஏ.யூ.இசட், சீட் எஸ்.இ.இசட், ஸ்கோடா எஸ்.கே.இசட் என்றும் தொடங்கும் 14 எழுத்து வரிதான் நமக்கு வேண்டியது. ரெனோவில் ஓர் ஆங்கில எழுத்தும் மூன்று இலக்கமும் சேர்ந்த சிறு குறியீடு இருக்கும், அதுவே போதும். தூசியைத் துடைக்கும்போது ஈரத்துணி வேண்டாம். ஒருமுறை நான் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் ஸ்டிக்கரின் கடைசி இரண்டு எழுத்து மையோடு வந்துவிட்டது. அதன்பின் உலர்ந்த பிரஷ் மட்டும்தான். 5-ஐயும் எஸ்-ஐயும், 8-ஐயும் பி-யையும், சைபரையும் ஓ எழுத்தையும் இரண்டு முறை பாருங்கள். ஓர் எழுத்து தவறினாலும் வரும் கோட் வேறு ரேடியோவுடையது.

சீரியல் நம்பர் கையில இருக்கு. யார்கிட்ட கேட்கணும்?

முதலில் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். வண்டி உங்களுடையது என்று காட்ட பதிவுச் சான்று, அடையாள அட்டை, சேசிஸ் நம்பர் மூன்றையும் எடுத்துப் போங்கள். சான்று கேட்பதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். கேட்காமல் கொடுத்தால் இந்தப் பூட்டுக்கே அர்த்தமில்லை. ஹோண்டா, அக்யூரா வண்டிகளுக்கு நிறுவனமே இதற்கென ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. சேசிஸ் நம்பரையும் ரேடியோ சீரியல் நம்பரையும் கொடுத்தால் அங்கே கோட் கிடைக்கும்.

இணையத்துல சீரியல் நம்பர் போட்டா இலவசமா கோட் தர்றாங்களே, அதை நம்பலாமா?

சில ரேடியோக்களுக்கு நம்பலாம். ஃபோர்டின் எம், வி வரிசைகள், ரெனோவின் நான்கெழுத்துக் குறியீடு போன்றவற்றில் சீரியல் நம்பரிலிருந்தே கோட்டைக் கண்டுபிடித்துவிட முடியும். அந்தக் கணக்கு வெளியே தெரிந்து பல வருடமாகிறது. ஆனால் எல்லா ரேடியோவும் அப்படி இல்லை. பலவற்றில் கோட்டுக்கும் சீரியல் நம்பருக்கும் கணக்கு எதுவும் கிடையாது, தயாரித்தவரின் பட்டியலில்தான் இருக்கும். அந்த மாதிரி ரேடியோவுக்கும் “உடனே இலவசம்” என்று ஓர் எண் வந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம். கோட் தருவதற்கு ஒரு மென்பொருளைத் தரவிறக்கு என்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அங்கே கிடைத்த எண்ணை ஒரே ஒரு முறை போட்டுப் பாருங்கள். தவறினால் அடுத்த தளம், அடுத்த எண் என்று போகாதீர்கள். ஏன் என்பது இன்னும் இரண்டு கேள்வி தாண்டி வரும்.

கோட் கிடைச்சிடுச்சு. எப்படிப் போடறது? எண் பொத்தானே ஆறுதானே இருக்கு.

இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு முறைகள் உண்டு.

ஹோண்டாவில் எண்ணை நேராக அழுத்த வேண்டும். கோட் 3 என்று தொடங்கினால் 3-ஐ ஒரு முறை அழுத்துங்கள். ஐந்து இலக்கமும் முடிந்ததும் தானே திறந்துகொள்ளும். ஆறு பொத்தான் வைத்த பழைய ஹோண்டாக்களின் கோட்டில் 1 முதல் 6 வரையான இலக்கங்களே இருக்கும். உங்களிடம் உள்ள எண்ணில் 8-ஓ 0-வோ இருந்தால் அது கோட் இல்லை, வேறு ஏதோ எண்ணைக் கையில் வைத்திருக்கிறீர்கள்.

ஃபோக்ஸ்வேகன், ஃபோர்டு போன்றவற்றில் பொத்தான் என்பது இடம். 1-ஆம் பொத்தான் முதல் இலக்கத்தையும் 2-ஆம் பொத்தான் இரண்டாம் இலக்கத்தையும் ஏற்றும். கோட் 4071 என்றால், முதல் இலக்கம் 4 ஆகும்வரை 1-ஐத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு 2-ஐத் தட்டி 0, 3-ஐத் தட்டி 7, 4-ஐத் தட்டி 1. நான்கும் சரியாகத் தெரிந்த பிறகே உறுதிசெய்யும் பொத்தான். ஃபோர்டின் 6000சிடி மாடலில் அது 5. ஃபோக்ஸ்வேகனின் பல மாடல்களில் ஸ்டேஷன் தேடும் பொத்தானை இரண்டு நொடிக்கு மேல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். உறுதிசெய்யும்வரை எத்தனை முறை மாற்றினாலும் முயற்சி கணக்கில் ஏறாது. எனவே திரையில் தெரிவதையும் எழுதி வைத்த கோட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு தடவை தப்பாப் போட்டுட்டேன். இப்ப எதை அமுக்கினாலும் ஏத்துக்கலை.

நிறுத்துங்கள். கையை எடுத்துவிடுங்கள். ஃபோக்ஸ்வேகன் வகையில் இரண்டு தவறு ஆனதும் ஒரு மணி நேரப் பூட்டு விழும். ரேடியோவையும் இக்னிஷனையும் போட்டபடியே விட்டு அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டால் நேரம் ஓடாது. ஹோண்டாவில் பத்து முறை வரை விடும், அதன்பின் அதே ஒரு மணி நேரம். ரெனோவில் முதல் தவறுக்கு ஒரு நிமிடம், அடுத்ததற்கு இரண்டு, பிறகு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும்.

ஃபோர்டு 6000சிடி வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பத்தாவது தவறில் “லாக்டு 10” என்று வரும். அங்கிருந்து மீள வழி உண்டு. “லாக்டு 13” வந்துவிட்டால் சரியான கோட்டைப் போட்டாலும் திறக்காது. ரேடியோவைப் பிரித்து சிப்பில் எழுதத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அந்த நிலையில் ஒருவர் கொண்டுவந்தபோது கோட் எழுதிய அட்டை அவர் சட்டைப் பையில் இருந்தது. பதின்மூன்று எண்களை ஊகமாகப் போட்ட பிறகுதான் அட்டையைத் தேடியிருக்கிறார்.

ஒரு மணி நேரம் இக்னிஷனைப் போட்டு வச்சா பேட்டரி இறங்கிடாதா?

நல்ல பேட்டரி தாங்கும். பழையது என்றால் சார்ஜரை மாட்டிவிட்டுக் காத்திருங்கள். ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருப்பதானால் திறந்த வெளியில் மட்டும். மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டால் புகை உயிரையே எடுத்துவிடும்.

நாலு இலக்கம்தானே, 0000-லேருந்து வரிசையாப் போட்டுப் பார்த்தா ஒருநாள் சிக்காதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள். மணிக்கு இரண்டு முயற்சி என்றால் 5,000 மணி நேரம், இரவு பகல் விடாமல் உட்கார்ந்தாலும் இருநூறு நாளுக்கு மேல். ஹோண்டாவின் ஐந்து இலக்கம், ஆறு பொத்தான் என்றால் 7,776 எண்கள். மணிக்குப் பத்து வீதம் போனால் ஒரு மாதத்துக்கு மேல். பாதியிலேயே சிக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அதற்கு முன்பே பேட்டரியும் பொத்தானும் தேய்ந்துவிடும்.

பேட்டரியை மறுபடி கழற்றி மாட்டினால் எண்ணிக்கை சைபராகிவிடும் என்று சொல்வார்கள். பெரும்பாலான ரேடியோக்களில் ஆகாது. தவறான முயற்சிகளின் எண்ணிக்கையும் கோட் இருக்கும் அதே சிப்பில் எழுதப்படுகிறது. உங்கள் காத்திருப்பு நேரம்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ரேடியோவை ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் திறக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோர்க்கும், கோட் மட்டும் அப்படியே இருக்கும்.

அட்டையில இருக்கிற கோட்டைத்தான் சரியாப் போட்டேன். அப்பவும் தப்புங்குது.

முதல் சந்தேகம் போடும் முறை மேல். இலக்கமா, இடமா என்று மேலே சொன்னதை மறுபடி பாருங்கள். இரண்டாவது, பூட்டு நேரம் முடியாமல் போட்டிருக்கலாம். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: ரேடியோ மாறியிருக்கிறது. பழையது பழுதாகி, முந்தைய சொந்தக்காரர் அதே மாடலில் இன்னொன்று மாட்டியிருப்பார். அட்டை பழைய ரேடியோவுடையது. அட்டையில் சீரியல் நம்பரும் அச்சாகியிருந்தால் ரேடியோவில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சேசிஸ் நம்பரை மட்டும் வைத்து சர்வீஸ் சென்டர் தரும் கோட்டும் இதே காரணத்தால் தவறலாம், அதனால்தான் ரேடியோவின் நம்பரையே எடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

நான் பேட்டரியைத் தொடவே இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கோட் கேட்குது.

பேட்டரி சாகப் போகிறது என்று ரேடியோ உங்களுக்குச் சொல்கிறது. செல்ஃப் எடுக்கும் அந்த ஒரு நொடியில் பலவீனமான பேட்டரியின் வோல்டேஜ் வெகுவாக இறங்கும். ரேடியோவுக்கு அது கரண்ட் அறுந்ததுபோலத்தான். டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தாலும், கிளாம்ப் கையால் திருகினால் அசைந்தாலும் இதேதான் நடக்கும். கோட் போட்டுத் திறப்பதற்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலையிலும் கேட்கும்.

ஒவ்வொரு தடவை சாவியை அணைச்சுப் போட்டாலும் கோட் கேட்குதே?

எந்நேரமும் கரண்ட் இருக்க வேண்டிய கம்பியில் கரண்ட் இல்லை. அதற்கான ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது இரண்டு பிளஸ் கம்பிகளும் இடம் மாறியிருக்கலாம். ஃபோக்ஸ்வேகன், ஆடி வண்டிகளில் இந்த இரண்டு கம்பியும் மற்ற கம்பெனிகளுக்கு நேர் எதிராக இருக்கும் என்பதால், ரேடியோவை மாற்றும்போது இந்தத் தவறு சகஜம். மல்டிமீட்டரில் சாவி இல்லாமல் 12 வோல்ட் காட்டும் கம்பி எது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அடுத்த தடவை பேட்டரி மாத்தறப்ப இது வராம இருக்க ஏதாவது வழி?

கழற்றுவதற்கு முன்பே கோட் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. இல்லையென்றால் மெமரி சேவர் உதவும். டேஷ்போர்டின் அடியில் உள்ள, மெக்கானிக் கோளாறு பார்க்க ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் பேட்டரி பிளஸ் எப்போதும் இருக்கும், 4-ஆம் பின் எர்த். அந்த வழியாக ஒரு சிறு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டே பெரிய பேட்டரியை மாற்றலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட் வழியாகக் கொடுக்கும் வகையும் உண்டு. சாவி அணைந்த பின்னும் அதில் கரண்ட் இருக்கும் வண்டிகளில் மட்டுமே அது பலிக்கும்.

ஓர் எச்சரிக்கை: மெமரி சேவர் மாட்டியிருக்கும்போது, கழற்றிய பிளஸ் கிளாம்பிலும் கரண்ட் இருக்கிறது. அது பாடியில் உரசினால் பொறி தட்டும், ஃபியூஸ் போகும். கழற்றியவுடன் ரப்பர் கையுறைக்குள் அதை நுழைத்துக் கட்டிவிடுங்கள். எப்போதும்போல மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

என் வண்டி புதுசு. எனக்கும் இது வருமா?

அநேகமாக வராது. இப்போதைய ரேடியோக்கள் வண்டியின் மற்ற கம்ப்யூட்டர்களோடு பேசி, தான் இருக்கும் வண்டி அதேதான் என்று உறுதியானால் தானே திறந்துகொள்கின்றன. சில ஹோண்டாக்களில் கோட் கேட்டாலும் பவர் பொத்தானை இரண்டு நொடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் வண்டியை அடையாளம் கண்டு பாட ஆரம்பித்துவிடும். கோட்டைத் தேடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேறு வண்டியிலிருந்து எடுத்த பழைய ரேடியோவை வாங்கி இந்த வகை வண்டியில் மாட்டினால், கோட் இருந்தாலும் பாடாமல் போகலாம். கம்பெனியின் கம்ப்யூட்டரை இணைத்து இந்த வண்டியோடு பதிந்தால்தான் அது திறக்கும். பழைய ரேடியோ வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் சீரியல் நம்பரும் கோட்டும் எழுதி வாங்குங்கள். முடிந்தால் உங்கள் வண்டியிலேயே மாட்டிப் பாட வைத்துப் பாருங்கள்.

ரேடியோ பாடுது. ஆனா டிரைவர் பக்கக் கண்ணாடி தானா முழுசா ஏறலை, டேஷ்ல ஒரு மஞ்சள் விளக்கும் எரியுது. இதுவும் கோட்டா?

இல்லை. பேட்டரி கழன்றதில் மறந்துபோன மற்ற விஷயங்கள் அவை. பல வண்டிகளில் கண்ணாடியை முழுக்க இறக்கி, பிறகு பொத்தானை விடாமல் முழுக்க ஏற்றி, மேலே போய் நின்ற பின்னும் சில நொடிகள் பிடித்திருந்தால் ஒற்றைத் தட்டில் ஏறும் வசதி திரும்பிவிடும். மஞ்சள் விளக்கு வண்டி சறுக்கும் படம் போட்டதாக இருந்தால், ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது சென்சாருக்கு மறந்திருக்கிறது. இன்ஜினைப் போட்டு ஸ்டீயரிங்கை இடது கோடி, வலது கோடி என்று முழுக்கத் திருப்பி, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அதற்குப் பிறகும் எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டும்.